குர்ட் ஐஸ்னர்

குர்ட் ஐஸ்னர் (மே 14, 1867 – பிப்ரவரி 21, 1919) ஜெர்மனியைச் சேர்ந்த சோசலிச இதழாசிரியர், எழுத்தாளர், நாடக விமர்சகர் மற்றும் அரசியல்வாதி ஆவார். ஜெர்மன் சமூக சனநாயகக் கட்சியின் மைய நாளேடான ஃபோர்வேர்ட்ஸ் இதழின் ஆசிரியர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். 1918 நவம்பரில் பவேரியாவில் மன்னராட்சியை வீழ்த்திய புரட்சிக்குத் தலைமையேற்று, பவேரியக் குடியரசின் முதல் அமைச்சர்-தலைவராகப் பொறுப்பேற்றார். இப்பதவி இந்திய மாநிலங்களின் முதலமைச்சர் பதவிக்கு ஏறத்தாழ ஒப்பானது. ஏறக்குறைய நூறு நாட்களே பதவியில் இருந்த இவர், தமது பதவி விலகலை அறிவிப்பதற்காகச் சட்டமன்றத்துக்கு நடந்து சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

பிறப்பும் கல்வியும்

ஐஸ்னர் பெர்லின் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவரது தந்தை இமானுவேல் ஐஸ்னர் வணிகர். பெர்லின் பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் ஜெர்மன் இலக்கியமும் பயின்றார். புனைவியல் எழுத்தாளர் ஆகிம் ஃபொன் ஆர்னிம் பற்றி முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியபோதிலும் அதை நிறைவு செய்யாமல் இதழியல் துறைக்குச் சென்றார்.

1892 ஆம் ஆண்டில் நீட்சேயின் மெய்யியலை விமர்சித்து இவர் எழுதிய முதல் நூல் வெளியானது. நீட்சேயின் எழுத்தாற்றலை வியந்த அதே வேளையில், வலியோரை உயர்த்தி எளியோரை இகழும் அவரது கருத்துகளை ஐஸ்னர் ஏற்கவில்லை. அதே ஆண்டில் எலிசபெத் ஹென்ட்ரிக் என்பவரை மணந்தார். இவ்விணையருக்கு ஐந்து குழந்தைகள் பிறந்தனர். இத்திருமணம் பின்னர் மணமுறிவில் முடிந்தது. 1917 இல் எல்ஸ பெல்லி என்பவரை மறுமணம் செய்துகொண்டார்.

இதழியல் வாழ்க்கை

தொடக்கமும் முதல் சிறைவாசமும்

ஃபிராங்க்ஃபர்ட்டர் சைட்டுங் நாளேட்டில் பணியாற்றிய பின்னர், ஐஸ்னர் மார்பர்க் நகருக்குச் சென்று அங்கிருந்து வெளிவந்த ஒரு நாளிதழின் அரசியல் பகுதிக்குப் பொறுப்பேற்றார். மார்பர்க் பல்கலைக்கழகத்தில் அப்போது பேராசிரியராக இருந்த ஹெர்மன் கோஹன், இம்மானுவேல் காண்டின் மெய்யியலைப் புதிய முறையில் விளக்கிய புதிய காண்டியச் சிந்தனையாளர்களுள் முதன்மையானவர். மனிதரை எந்நிலையிலும் வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்ற காண்டின் அறநெறியே சோசலிசத்தின் அடிப்படை என்பது கோஹனின் கருத்து. ஐஸ்னரின் சோசலிசம் மார்க்சின் பொருளியலைக் காட்டிலும் இந்த அறநெறியிலேயே பெரிதும் வேரூன்றியிருந்தது. இவருக்கும் கட்சியின் மார்க்சியக் கோட்பாட்டாளர்களுக்கும் பின்னாளில் ஏற்பட்ட மோதல்களைப் புரிந்துகொள்ள இப்பின்னணி இன்றியமையாதது.

1897 இல் பேரரசர் இரண்டாம் வில்லியத்தை எள்ளி நகையாடி ஒரு கட்டுரை எழுதினார். இதற்காக அரச அவமதிப்புக் குற்றம் சாட்டப்பட்டு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பெர்லினில் உள்ள பிளோட்சென்சே சிறையில் இத்தண்டனையை அனுபவித்தார். விடுதலைக்குப் பின் 1898 இல் சமூக சனநாயகக் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தார்.

ஃபோர்வேர்ட்ஸ் இதழில்

ஃபோர்வேர்ட்ஸ் என்ற ஜெர்மன் சொல்லுக்கு 'முன்னோக்கி' என்பது பொருள். கட்சியின் மூத்த தலைவரும் இவ்விதழின் தலைமை ஆசிரியருமான வில்லியம் லீப்னெக்ட், ஐஸ்னரின் எழுத்துத் திறனைக் கண்டு அவரை இதழுக்கு அழைத்தார். 1900 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் லீப்னெக்ட் இறந்தார். அதன் பின்னர் ஆசிரியர் குழுவை நடைமுறையில் வழிநடத்தும் பொறுப்பு ஐஸ்னரிடம் வந்தது. லீப்னெக்டின் வாழ்க்கை வரலாற்றையும் அவ்வாண்டிலேயே எழுதி வெளியிட்டார்.

அக்காலத்தில் கட்சிக்குள் இரண்டு போக்குகள் மோதிக்கொண்டிருந்தன. சட்டமன்றங்கள் வழியாகப் படிப்படியான சீர்திருத்தங்களைச் செய்து சோசலிசத்தை அடையலாம் என்று திருத்தல்வாதிகள் கூறினர். வர்க்கப் போராட்டத்தையும் புரட்சியையும் கைவிடலாகாது என்று கார்ல் காட்ஸ்கி, ரோசா லக்சம்பர்க், ஃபிரான்ஸ் மேரிங் முதலியோர் வாதிட்டனர். ஐஸ்னர் தம்மைத் திருத்தல்வாதி என்று அழைத்துக்கொள்ளவில்லை. எனினும் ஃபோர்வேர்ட்ஸ் இதழ் கோட்பாட்டில் தெளிவற்றதாகவும், இலக்கியச் சாயல் மிகுந்ததாகவும் உள்ளது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1905 இலையுதிர் காலத்தில் இப்பிணக்கு முற்றியதால் ஐஸ்னர் உட்பட ஆறு ஆசிரியர்கள் இதழிலிருந்து வெளியேற நேர்ந்தது. கட்சி வரலாற்றில் இது 'ஃபோர்வேர்ட்ஸ் பிணக்கு' எனப்படுகிறது.

நியூரம்பெர்க், மியூனிக்

1907 முதல் 1910 வரை பவேரியாவின் நியூரம்பெர்க் நகரில், ஃபிராங்கிஷ தாகெஸ்போஸ்ட் என்ற கட்சி நாளேட்டின் தலைமை ஆசிரியராக இருந்தார். 1910 இல் பவேரியத் தலைநகர் மியூனிக்கில் குடியேறி, மியூன்செனர் போஸ்ட் நாளேட்டில் எழுதினார். பவேரியச் சட்டமன்ற நடவடிக்கைகளைச் செய்தியாக்குவதும் நாடக விமர்சனம் எழுதுவதும் இவருடைய முதன்மைப் பணிகளாக இருந்தன. தொழிலாளர் இதழ்களுக்குக் கட்டுரைகளும் கதைகளும் வழங்கும் சேவை ஒன்றையும் சொந்தமாக நடத்தினார். நீண்ட தாடியும் மூக்குக் கண்ணாடியும் கொண்ட இவரது தோற்றம் மியூனிக் நகரவாசிகளுக்கு நன்கு பழக்கமான ஒன்று. எனினும் 1918 வரை இவர் எந்த ஆட்சிப் பொறுப்பும் வகித்ததில்லை.

முதல் உலகப் போர்

1914 ஆகத்து மாதத்தில் போர் தொடங்கியபோது, உருசியப் பேரரசின் தாக்குதலுக்கு எதிராக ஜெர்மனி தன்னைத் தற்காத்துக்கொள்கிறது என்றே ஐஸ்னரும் நம்பினார். கட்சியின் பெரும்பான்மையோரும் அவ்வாறே நம்பிப் போர்ச் செலவுக் கடன்களை ஆதரித்தனர். பின்னர், பல நாட்டு அரசுகள் வெளியிட்ட தூதரக ஆவணங்களை ஐஸ்னர் ஒப்பிட்டு ஆராய்ந்தார். போர் மூண்டதில் ஜெர்மன் அரசுக்கே பெரும் பொறுப்பு உண்டு என்ற முடிவுக்கு வந்தார். தாம் முன்பு கொண்டிருந்த கருத்து தவறு என உணர்ந்ததும் போருக்கு எதிராக எழுதத் தொடங்கினார். இதனால் மியூன்செனர் போஸ்ட் இதழில் அரசியல் எழுதும் வாய்ப்பை இழந்தார். நாடக விமர்சனம் மட்டுமே எஞ்சியது.

1916 இறுதியிலிருந்து மியூனிக்கில் ஓர் உணவு விடுதியில் வாரந்தோறும் கலந்துரையாடல் கூட்டங்களை நடத்தினார். இளம் தொழிலாளர்களும் எழுத்தாளர்களும் இக்கூட்டங்களுக்கு வந்தனர். எர்ன்ஸ்ட் டோலர், ஆஸ்கர் மரியா கிராஃப், எரிக் மூசாம், பின்னாளில் ஐஸ்னரின் செயலாளரான ஃபெலிக்ஸ் ஃபெக்கன்பாக் ஆகியோர் அவர்களுள் சிலர். 1917 இல் போரை எதிர்த்தோர் தனியே பிரிந்து சுதந்திர சமூக சனநாயகக் கட்சியைத் தொடங்கியபோது ஐஸ்னர் அதில் இணைந்து, மியூனிக் கிளையின் தலைவரானார்.

1918 ஜனவரியில் ஜெர்மனியின் பல நகரங்களில் ஆயுத ஆலைத் தொழிலாளர்கள் உடனடி அமைதி கோரி வேலைநிறுத்தம் செய்தனர். மியூனிக்கில் இதை முன்னின்று நடத்திய ஐஸ்னர் ஜனவரி 31 அன்று கைது செய்யப்பட்டார். அவருடன் கைதானவர்களுள் ஒருவரான சோன்யா லெர்க் அவ்வாண்டு மார்ச் மாதம் சிறையிலேயே இறந்தார். விசாரணைக் கைதியாக எட்டு மாதங்களுக்கு மேல் சிறையிலிருந்த ஐஸ்னர், நாடாளுமன்ற இடைத்தேர்தலில் வேட்பாளராக நிறுத்தப்பட்டதை அடுத்து அக்டோபர் 14 அன்று விடுவிக்கப்பட்டார். அந்த இடைத்தேர்தல் நடைபெறவே இல்லை. அதற்குள் புரட்சி வந்துவிட்டது.

நவம்பர் புரட்சி

1918 நவம்பர் 7 அன்று பிற்பகல், மியூனிக்கின் தெரேசியன்வீஸ திடலில் அமைதி கோரிப் பெரும் பொதுக்கூட்டம் நடந்தது. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் திரண்டிருந்தனர். சமூக சனநாயகக் கட்சியும் சுதந்திர சமூக சனநாயகக் கட்சியும் சேர்ந்தே இக்கூட்டத்தை ஏற்பாடு செய்திருந்தன. அசம்பாவிதம் எதுவும் நேராது என்று சமூக சனநாயகக் கட்சித் தலைவர் எர்கார்ட் அவுவர் அரசுக்கு உறுதி கூறியிருந்தார். உரைகள் முடிந்ததும் அவுவர் தம் ஆதரவாளர்களை ஊர்வலமாக நகரின் மையப்பகுதி வழியே அழைத்துச் சென்றார். ஐஸ்னரோ, பார்வையிழந்த உழவர் தலைவர் லுட்விக் கண்டோர்ஃபருடன் கைகோத்து எதிர்த்திசையில் இராணுவக் குடியிருப்புகளை நோக்கி நடந்தார். போரினால் சலித்துப்போயிருந்த படைவீரர்கள் ஒவ்வொரு குடியிருப்பிலும் அவர்களுடன் சேர்ந்துகொண்டனர். எதிர்ப்பு ஏறக்குறைய எங்கும் எழவில்லை.

அன்று மாலை மத்தேசர் மதுக்கூடத்தில் தொழிலாளர், படைவீரர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. ஐஸ்னர் அவற்றின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரவில் அவர்கள் சட்டமன்றக் கட்டடத்துக்குச் சென்று அவையில் அமர்ந்தனர். விட்டல்ஸ்பாக் அரசமரபு பதவியிழந்ததாகவும், பவேரியா இனி ஒரு சுதந்திர அரசு என்றும் அங்கு ஐஸ்னர் அறிவித்தார். 'சுதந்திர அரசு' என்பது ஜெர்மன் மொழியில் குடியரசைக் குறிக்க வழங்கிய சொல். 1180 ஆம் ஆண்டு முதல் 738 ஆண்டுகள் பவேரியாவை ஆண்ட அரசமரபின் ஆட்சி இரத்தம் சிந்தாமல் ஒரே இரவில் முடிவுற்றது. மன்னர் மூன்றாம் லுட்விக் நோயுற்றிருந்த அரசியுடன் அன்றிரவே காரில் நகரை விட்டு வெளியேறினார். பெர்லினில் குடியரசு அறிவிக்கப்பட்டது இதற்கு இரண்டு நாட்களுக்குப் பின்னரே. நவம்பர் 13 அன்று வெளியான அறிக்கையில் மன்னர் தம் அதிகாரிகளையும் படைவீரர்களையும் விசுவாச உறுதிமொழியிலிருந்து விடுவித்தார். முறைப்படி அவர் முடிதுறக்கவில்லை.

அமைச்சர்-தலைவராக

நவம்பர் 8 அன்று அமைந்த அமைச்சரவையில் ஐஸ்னர் தலைமைப் பொறுப்புடன் வெளியுறவையும் ஏற்றார். இரு சோசலிசக் கட்சிகளும் இணைந்த இவ்வரசில் அவுவர் உள்துறை அமைச்சராகவும், ஜோகன்னஸ் ஹோஃப்மன் கல்வி அமைச்சராகவும், பொருளியலறிஞர் எட்கர் யாஃப நிதியமைச்சராகவும் இடம்பெற்றனர்.

இவ்வரசின் முதன்மையான நடவடிக்கைகள் பின்வருமாறு:

* எட்டு மணிநேர வேலைநாள் நடைமுறைக்கு வந்தது.
* பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப்பட்டது. 1919 ஜனவரித் தேர்தலில் பவேரியப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர்.
* பள்ளிகளின் மீது திருச்சபைக் குருமார்களுக்கு இருந்த மேற்பார்வை அதிகாரம் 1919 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டது.
* 1919 ஜனவரி 4 அன்று தற்காலிக அடிப்படைச் சட்டம் வெளியிடப்பட்டது.

ஆலைகளையும் வங்கிகளையும் உடனடியாக அரசுடைமையாக்க ஐஸ்னர் முன்வரவில்லை. போரினால் உற்பத்தியே சீர்குலைந்திருக்கையில் பொதுவுடைமையாக்குவதற்கு எதுவும் எஞ்சவில்லை என்பது அவரது வாதம். தொழிலாளர், உழவர், படைவீரர் மன்றங்களை அவர் சட்டமன்றத்துக்கு மாற்றாகக் கருதவில்லை. மக்கள் அன்றாடம் அரசியலில் பங்கேற்றுப் பயிலும் இடங்களாக அவை சட்டமன்றத்துடன் சேர்ந்து இயங்க வேண்டும் என்று விரும்பினார். இந்நிலைப்பாடு இரு தரப்பினருக்கும் உவப்பாக இல்லை. மன்றங்களை விரைவில் கலைக்க வேண்டும் என்று அவுவர் கருதினார். முழு அதிகாரமும் மன்றங்களுக்கே வேண்டும் என்று பொதுவுடைமைவாதிகள் கோரினர். தேர்தலுக்கு இரண்டு நாட்களுக்கு முன், ஜனவரி 10 அன்று, மூசாம் உள்ளிட்ட தீவிர இடதுசாரிகள் பன்னிருவரைக் கைது செய்ய ஐஸ்னர் அரசு உத்தரவிட்டது. எதிர்ப்பு வலுத்ததும் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். பழைய நண்பர்களையே சிறையிட்ட இச்செயல் அவருக்கு இடதுசாரிகளிடையே அவப்பெயரைத் தந்தது.

போர்ப் பொறுப்பு ஆவணங்கள்

1918 நவம்பர் 23 அன்று, பெர்லினிலிருந்த பவேரியத் தூதரகம் 1914 ஜூலையில் மியூனிக்குக்கு அனுப்பிய அறிக்கைகளின் பகுதிகளை ஐஸ்னர் வெளியிட்டார். அவற்றுள் முதன்மையானது ஜூலை 18 ஆம் தேதியிட்ட அறிக்கை. செர்பியாவால் ஏற்க இயலாத நிபந்தனைகளை ஆஸ்திரியா விதிக்கவிருப்பதும், அதன் விளைவு போராக இருக்கலாம் என்பதும் பெர்லின் அரசுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததை அது காட்டியது. பேரரசர் கடற்பயணத்திலும் படைத்தலைவர் விடுமுறையிலும் இருப்பதைச் சுட்டிக்காட்டி, ஜெர்மனியும் பிற நாடுகளைப் போலவே வியப்புற்றது என்று கூறும் திட்டமும் அதில் குறிப்பிடப்பட்டிருந்தது.

பழைய ஆட்சியின் குற்றத்தைப் புதிய ஜெர்மனி தானே ஒப்புக்கொண்டால், வெற்றி பெற்ற நாடுகள், குறிப்பாக அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன், கடுமையற்ற அமைதி உடன்படிக்கைக்கு இணங்குவர் என்று ஐஸ்னர் நம்பினார். இந்த நம்பிக்கை நிறைவேறவில்லை. பெர்லின் வெளியுறவுத் துறை கொதித்தெழுந்தது. ஐஸ்னர் அத்துறையுடன் உறவை முறித்துக்கொண்டார். ஆவணங்களைச் சுருக்கி வெளியிட்டதால் பொருள் திரிந்தது என்ற குற்றச்சாட்டு அவரது மறைவுக்குப் பின்னும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. முழு ஆவணங்களையே வெளியிட்டிருந்தால் இக்குற்றச்சாட்டுக்கு இடமிருந்திருக்காது. எனினும், 1914 ஜூலையில் பெர்லின் அரசு போர் அபாயத்தை அறிந்தே ஆஸ்திரியாவை ஊக்கியது என்பதைப் பிற்கால வரலாற்றாய்வுகள் பெரிதும் உறுதி செய்துள்ளன.

தேர்தல் தோல்வி

1919 ஜனவரி 12 அன்று நடந்த சட்டமன்றத் தேர்தலில் ஐஸ்னரின் கட்சி படுதோல்வி அடைந்தது. ரைன் ஆற்றின் மேற்கே இருந்த பலட்டினேட் பகுதியில் மட்டும் வாக்குப்பதிவு பிப்ரவரி 2 அன்று நடைபெற்றது. 180 இடங்களில் முதன்மைக் கட்சிகள் பெற்றவை:

* பவேரிய மக்கள் கட்சி – 66 இடங்கள்
* சமூக சனநாயகக் கட்சி – 61 இடங்கள்
* சுதந்திர சமூக சனநாயகக் கட்சி – 3 இடங்கள் (சுமார் 2.5 விழுக்காடு வாக்குகள்)

கத்தோலிக்க ஊரகப் பகுதிகளில் பள்ளிச் சீர்திருத்தம் கடும் எதிர்ப்பைப் பெற்றிருந்தது. நகரத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழைய கட்சியிலேயே நீடித்தனர். புரட்சியை நடத்தியவரால் அப்புரட்சி வழங்கிய வாக்குரிமையைக் கொண்டு வெற்றி பெற இயலவில்லை.

அவதூறுகள்

ஐஸ்னர் பதவியேற்ற நாள் முதல் அவருக்கு எதிராக யூத வெறுப்புப் பரப்புரை நடந்தது. அவர் கலிசியாவிலிருந்து வந்த அயலார் என்றும், அவரது உண்மைப் பெயர் சாலமன் கோஸ்மனோவ்ஸ்கி என்றும் துண்டறிக்கைகளும் சில இதழ்களும் எழுதின. இது முற்றிலும் பொய்யாகும். அவர் பெர்லினில் ஐஸ்னர் என்ற பெயரிலேயே பிறந்தவர்.

1919 பிப்ரவரி தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நடந்த பன்னாட்டு சோசலிச மாநாட்டில் ஐஸ்னர் கலந்துகொண்டார். ஜெர்மனியின் போர்ப் பொறுப்பை அங்கு வெளிப்படையாக ஏற்றுப் பேசினார். போர்க் கைதிகள் விடுவிக்கப்பட வேண்டும் என்றும் கோரினார். ஆனால் கைதிகளின் விடுதலையை அவர் எதிர்த்ததாக ஜெர்மன் இதழ்களில் செய்தி பரவியது. இதன் பின்னர் கொலை மிரட்டல்கள் பெருகின.

படுகொலை

புதிய சட்டமன்றம் 1919 பிப்ரவரி 21 அன்று கூடவிருந்தது. தேர்தல் முடிவை ஏற்றுப் பதவி விலக ஐஸ்னர் முடிவு செய்திருந்தார். பாதுகாப்புக்காக வேறு வழியில் செல்லுமாறு உடனிருந்தோர் கூறியதை ஏற்காமல், வழக்கமான பாதையிலேயே நடந்து சென்றார். காலை சுமார் பத்து மணியளவில் பிராமனாடே தெருவில், ஆண்டன் ஆர்கோ-வாலி என்ற 22 வயது இளைஞன் பின்னாலிருந்து இருமுறை சுட்டான். ஐஸ்னர் அவ்விடத்திலேயே இறந்தார். பதவி விலகல் உரை அவரது உடைமையில் இருந்தது.

ஆர்கோ-வாலி பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த படை அதிகாரியும் சட்ட மாணவனும் ஆவான். அவனது தாய் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இதன் காரணமாகத் தூலே சங்கம் என்ற யூத எதிர்ப்பு அமைப்பு அவனைச் சேர்த்துக்கொள்ள மறுத்திருந்தது. ஐஸ்னரின் காவலர்கள் சுட்டதில் படுகாயமுற்ற அவனை அறுவை மருத்துவர் ஃபெர்டினண்ட் சவர்புருக் காப்பாற்றினார்.

சிறிது நேரத்தில் சட்டமன்றத்தில் மேலும் இரத்தம் சிந்தியது. இக்கொலைக்கு அவுவரே காரணம் என்று எண்ணிய அலோயிஸ் லின்ட்னர் என்ற தொழிலாளர் மன்ற உறுப்பினர் அவையில் நுழைந்து அவரைச் சுட்டார். அவுவர் படுகாயத்துடன் உயிர் தப்பினார். அப்போது நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரும் படை அதிகாரி ஒருவரும் இறந்தனர்.

மறைவுக்குப் பின்

பிப்ரவரி 26 அன்று நடந்த இறுதி ஊர்வலத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் கலந்துகொண்டனர். ஆறு வாரங்களுக்கு முன் வாக்குச்சீட்டில் அவரைப் புறக்கணித்த நகரம் இப்போது அவருக்காகத் திரண்டது. எழுத்தாளரும் நண்பருமான குஸ்டாவ் லண்டவர் இரங்கலுரை ஆற்றினார். மார்ச் மாதத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில் புதின ஆசிரியர் ஹென்ரிக் மன் உரையாற்றினார்.

ஐஸ்னரின் கொலை பவேரியாவில் அமைதியான மாற்றத்துக்கான வாய்ப்பைச் சிதைத்தது. மார்ச் 17 அன்று ஹோஃப்மன் அமைச்சர்-தலைவரானார். ஏப்ரல் 7 அன்று மியூனிக்கில் மன்றக் குடியரசு அறிவிக்கப்பட்டதால் அவரது அரசு நகரை விட்டு வெளியேறியது. மே மாதத் தொடக்கத்தில் அரசுப் படைகளும் தன்னார்வப் படைகளும் மன்றக் குடியரசை ஒடுக்கின. 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். லண்டவர் மே 2 அன்று சிறையில் கொல்லப்பட்டார்.

ஆர்கோ-வாலிக்கு 1920 ஜனவரியில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, உடனே ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. லான்ட்ஸ்பெர்க் கோட்டைச் சிறையில் இருந்த அவன் 1924 இல் வெளிவந்தான். 1927 இல் பொதுமன்னிப்புப் பெற்றான். 1945 இல் ஒரு சாலை விபத்தில் இறந்தான். மாறாக, ஐஸ்னரின் செயலாளர் ஃபெக்கன்பாக் 1922 இல் தேசத்துரோக வழக்கில் தண்டிக்கப்பட்டார். 1933 இல் நாசிகள் அவரைக் கொன்றனர். வலதுசாரிக் கொலையாளிகளிடம் அக்கால நீதிமன்றங்கள் காட்டிய பரிவுக்கு இவ்விரு வழக்குகளும் எடுத்துக்காட்டாக வரலாற்றாசிரியர்களால் கூறப்படுகின்றன.

நினைவுச் சின்னங்கள்

ஐஸ்னரின் அஸ்தி மியூனிக்கின் கிழக்குக் கல்லறைத் தோட்டத்தில் வைக்கப்பட்டிருந்தது. 1933 இல் நாசிகள் அதை அங்கிருந்து அகற்றினர். இப்போது அது புதிய யூதக் கல்லறைத் தோட்டத்தில், லண்டவருடன் ஒரே கல்லறையில் உள்ளது.

அவர் கொல்லப்பட்ட தெரு இன்று கர்தினால் ஃபவுல்ஹாபர் தெரு என வழங்குகிறது. மியூனிக் பேராயராக இருந்த ஃபவுல்ஹாபர், 1922 இல் நடந்த கத்தோலிக்க மாநாட்டில் நவம்பர் புரட்சியைத் துரோகம் எனக் கண்டித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. அத்தெருவின் நடைபாதையில், விழுந்து கிடக்கும் ஓர் உடலின் புறவடிவைக் காட்டும் நினைவுத் தகடு 1989 இல் பதிக்கப்பட்டது. 2011 இல் நகரின் ஓபரங்கர் பகுதியில் கண்ணாடியாலான நினைவுச்சின்னம் ஒன்று திறக்கப்பட்டது. மியூனிக்கின் நொய்பெர்லாக் பகுதியில் ஒரு தெரு அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

பவேரியா இன்றும் அலுவல்முறையில் 'பவேரிய சுதந்திர அரசு' என்றே அழைக்கப்படுகிறது. ஐஸ்னர் அறிவித்த அப்பெயர் அவரது ஆட்சியையும் அதன் பின் வந்த பல ஆட்சிகளையும் கடந்து நிலைத்துள்ளது.

படைப்புகள்

* நீட்சே பற்றிய திறனாய்வு நூல் (1892)
* வில்லியம் லீப்னெக்ட் – வாழ்க்கை வரலாறு (1900)
* பேரரசின் முடிவு – வரலாறு (1907)
* தொகுக்கப்பட்ட எழுத்துகள், இரண்டு தொகுதிகள் (1919)
* தெய்வங்களின் சோதனை – நாடகம் (1920, மறைவுக்குப் பின் வெளியானது)

இவற்றையும் பார்க்கவும்

* ஜெர்மன் புரட்சி (1918–1919)
* பவேரிய மன்றக் குடியரசு
* ரோசா லக்சம்பர்க்
* எர்ன்ஸ்ட் டோலர்